கெபாயாவுக்கு ஐந்து கையெழுத்து

2024 டிசம்பர் 4 அன்று பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் யுனெஸ்கோவின் குழு ஒன்று கூடி, பெண்கள் உடுத்தும் ஒரு மேலாடையைப் பற்றி முடிவெடுத்தது. முன்பக்கம் திறந்திருக்கும் மேலாடை அது. மார்பில் அலங்கார ஊக்குகளால் கோத்து, கீழே சாரோங்கோடு உடுத்துவார்கள். பெயர் கெபாயா. அதைத் தைக்கும் திறனும் அதைச் சுற்றியுள்ள வழக்கங்களும் சேர்ந்து மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் அன்று இடம்பெற்றன. ஆண்டுதோறும் பல கலைகளும் கைத்தொழில்களும் அந்தப் பட்டியலில் ஏறுகின்றன. ஆனால் இந்த விண்ணப்பத்தைச் சேர்ந்து கொடுத்தவர்கள் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாட்டினர். ஐந்து அரசுகள் ஒரே உடையைத் தங்கள் எல்லோருக்கும் உரியது என்று எழுதிக் கொடுத்திருந்தன.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். 2007இல் மலேசியச் சுற்றுலாத் துறையின் விளம்பரத்தில் ‘ராசா சாயாங்’ பாட்டு ஒலித்தபோது, அது மலுக்குத் தீவுகளில் பிறந்த பாட்டு என்று இந்தோனேசியாவில் கோபம் எழுந்தது. 2009 ஆகஸ்டில், மலேசியாவைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் சில நொடிகள் வந்துபோனது. அது தன் தவறு என்று டிஸ்கவரி தொலைக்காட்சி ஒப்புக்கொண்டு முன்னோட்டத்தைத் திரும்பப் பெற்றது, கோபம் அடங்கவில்லை. ஜகார்த்தாவில் மூங்கில் கழிகளோடு சாலையில் வண்டிகளை மறித்து மலேசியர்களைத் தேடிய கூட்டமும் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2இல் பாத்திக் துணிக்கலை இந்தோனேசியாவின் பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, அங்கே பலர் அதை ஒரு வழக்கில் கிடைத்த தீர்ப்பைப் போலக் கொண்டாடினார்கள். அந்த நாள் இன்று அந்நாட்டின் பாத்திக் தினம்.

இந்தச் சண்டைகளை அண்டை வீட்டுப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. பட்டியலின் அமைப்பிலேயே ஒரு முரண் இருக்கிறது. 2003இல் ஏற்கப்பட்டு 2006இல் நடைமுறைக்கு வந்த அருவ மரபுப் பாதுகாப்பு உடன்படிக்கை, மரபைச் சுமக்கும் மக்களைத்தான் மையத்தில் வைக்கிறது. எங்கே பிறந்தது என்று அது கேட்பதில்லை. பட்டியலில் ஏறுவதால் யாருக்கும் தனியுரிமை வருவதில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் உரிமை அரசுகளுக்கு மட்டுமே உண்டு. அரசு என்றால் எல்லைக்கோடு, கொடி, தேர்தல், செய்தித்தாள் தலைப்பு. மக்களின் ஆட்டமும் பாட்டும் அரசின் கோப்புக்குள் நுழைந்து வெளியே வரும்போது அவற்றின் நெற்றியில் ஒரு நாட்டின் பெயர் ஒட்டியிருக்கிறது. நாம் மரபு என்பதைச் சிங்கப்பூர்த் தமிழில் ‘மரபுடைமை’ என்று சொல்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனாலும் அதில் ‘உடைமை’ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தென்கிழக்கு ஆசியாவின் தகராறு முழுவதும் அந்த ஒரு பாதிச் சொல்லில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

கெபாயாவும் அந்தத் தகராறில் மாட்டியிருக்கக்கூடியதுதான். இந்தோனேசியாவில் பெண்கள் அமைப்புகள் சில, தங்கள் நாடு தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்று 2022இல் இயக்கம் நடத்தின. பெண்கல்விக்குக் குரல் கொடுத்த கார்த்தினியின் படத்தைக் கெபாயா இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாத நாடு அது. அவர்கள் உணர்ச்சியில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கூட்டு விண்ணப்பத்தை அறிவித்தபோது மற்ற நான்கு நாடுகள் மட்டுமே இருந்தன. ஒருங்கிணைப்பு மலேசியாவின் கையில். இந்தோனேசியா யோசித்துப் பிறகு சேர்ந்தது. 2023 மார்ச்சில் ஐந்து பெயர்களோடு கோப்பு யுனெஸ்கோவுக்குப் போனது. முதலில் யார் உடுத்தினார்கள் என்ற கேள்வி ஓரங்கட்டப்பட்டதால்தான் இது நடந்தது. இன்று யார் தைக்கிறார்கள், யார் உடுத்துகிறார்கள், யாரிடமிருந்து யார் கற்கிறார்கள் என்பதையே கோப்பு பேசியாக வேண்டும் என்ற விதி, இங்கே பெரிய உதவியாக அமைந்தது.

ஆடையை உற்றுப் பார்த்தாலே அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்க முடியாது என்பது புரிந்துவிடும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில், மலாய் வழக்கங்களோடு கலந்துவிட்ட சீனப் பெரனாக்கான் பெண்கள் உடுத்தும் நோன்யா கெபாயாவை எடுத்துக்கொள்வோம். துணி, நம் பாட்டிமார் வாயில் புடவை என்று சொன்ன அதே மெல்லிய பருத்தி வாயில். ஓரங்களில் பூ, பறவை, வண்ணத்துப்பூச்சி. பூத்தையல் செய்பவர் துணியை வட்ட மரச்சட்டத்தில் இழுத்துப் பூட்டி, தையல் எந்திரத்தின் அழுத்துபாதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஊசிக்கு அடியில் சட்டத்தை இரு கைகளாலும் நகர்த்துகிறார். ஊசி மேலும் கீழும் போய்வர, கைகள்தான் பூவை வரைகின்றன. சில இடங்களில் நூலால் ஒரு வளையம் தைத்து, அதன் நடுவிலுள்ள துணியைச் சிறு கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் நூலாலேயே சிலந்தி வலை போலப் பின்னுகிறார். ஓர் இழை தவறினால் அந்த இடமே கிழிந்துவிடும். பித்தான் கிடையாது, சங்கிலியில் கோத்த மூன்று ஊக்குகள் முன்பக்கத்தைப் பிணைக்கின்றன. அந்த ஊக்குத் தொகுதியை மலாயில் கெரோங்சாங் என்கிறார்கள்.

இந்த ஒரு மேலாடைக்குள் எத்தனை கரைகள் வந்து சேர்கின்றன! பெயரின் மூலத்தை அரபுச் சொல்லில் தேடுவோர் பலர். போர்த்துக்கேயர் வாய்வழி அது பரவியதாகவும் சொல்வார்கள். பூவேலையில் சீனத்து உருவங்கள் உண்டு, லேஸ் பின்னலில் ஐரோப்பாவின் கை தெரிகிறது. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் ஐரோப்பியப் பெண்களும் வீட்டில் வெள்ளைக் கெபாயா உடுத்தினார்கள். 1968இல் அன்றைய மலேசியா-சிங்கப்பூர் விமான நிறுவனத்துக்காகப் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் பால்மெய்ன் வரைந்த சீருடையும் சாரோங் கெபாயாதான்; சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் இன்றும் அதை உடுத்துகிறார்கள்.

இந்தக் கரைகளில் ஒன்று நம்முடையது. மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்கா செட்டிகள், பதினைந்தாம் நூற்றாண்டுச் சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள். தமிழ் அவர்கள் நாவிலிருந்து எப்போதோ போய்விட்டது. பேசுவது மலாய் அடிப்படையிலான தனிவழக்கு. சமயம் சைவம். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. பொங்கலுக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். அந்த வீட்டுப் பெண்களின் மரபு உடை சாரோங்கும் கெபாயாவும். கெபாயா மலாய்க்காரர்களுடையதா, சீனர்களுடையதா, ஜாவாக்காரர்களுடையதா என்று வழக்காடுகிறவர்கள், திருநீறு இட்டுக் கெபாயா உடுத்தி நிற்கும் செட்டிப் பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? ஆண்களின் சாரோங்குக்கும் இதே கதைதான். மலாய் உலகம் முழுதும் அதற்குக் ‘கைன் பெலேகாட்’ என்று பெயர். பெலேகாட் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடு. அந்தத் துறையிலிருந்து டச்சுக் கப்பல்களில் போன கட்டம்போட்ட துணியின் பெயர் அங்கே வீட்டுச் சொல்லாகிவிட்டது.

கெபாயாவுக்கு முன்பே ஒரு வெள்ளோட்டம் நடந்திருந்தது. 2020 டிசம்பரில் இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து பந்துன் கவிதையைப் பட்டியலில் ஏற்றின. பந்துன் நான்கடி. முதல் இரண்டடி ஆற்றையோ மரத்தையோ சந்தையையோ பேசும். சொல்ல வந்த செய்தி பின்னிரண்டடியில்தான் வரும். ஒன்றுவிட்டு ஒன்று அடிகள் ஒலியால் இயையும். காதலை நேரே சொல்லக் கூச்சப்படுகிறவருக்கும், மாமியாரை நோகாமல் குத்திக்காட்ட வேண்டியவருக்கும் முன்னிரண்டடி ஒரு திரை. சங்கப் பாட்டின் உள்ளுறையோடு பழகிய தமிழ் வாசகருக்கு இந்த உத்தி அந்நியமாகப் படாது. இரண்டும் ஒன்றல்ல என்றாலும், இயற்கையை முன்னே நிறுத்தி மனத்தைப் பின்னே வைக்கும் பழக்கம் இரண்டிலும் உண்டு. மலாக்காவில் வயலினும் பறையும் ஒலிக்க இருவர் மாறிமாறிப் பந்துன் கட்டிப் பாடும் டொண்டாங் சாயாங்கை மலாய்க்காரர், சீனப் பெரனாக்கான், போர்த்துக்கேய வழியினர், செட்டிகள் என நான்கு சமூகத்தாரும் தங்கள் பாட்டாகவே பாடுகிறார்கள். அது மலேசியாவின் பெயரில் 2018இல் ஏறியது. ஒரே ஊரில் நான்கு இனத்தார் சண்டையில்லாமல் பங்கு வைத்துக்கொண்ட கலையிலிருந்து அரசுகள் பாடம் படிக்க இவ்வளவு காலம் ஆனதுதான் வருத்தம்.

படிக்காமல் போனால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தாய்லாந்து-கம்போடியா எல்லையில், டாங்ரெக் மலை விளிம்பில் நிற்கிறது. பிரியா விகார், பெரும்பகுதி பதினோராம் நூற்றாண்டில் எழுந்த சிவன் கோயில். 1962இல் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்பதுக்கு மூன்று என்ற கணக்கில் அது கம்போடியாவுக்கு உரியது என்றது. ஆனால் ஏறிச் செல்ல எளிய வழி தாய்லாந்துப் பக்கம். 2008இல் கம்போடியா அதை உலக மரபுச் சின்னமாக்க முயன்றபோது, தாய்லாந்தின் வெளியுறவு அமைச்சர் ஆதரவு தெரிவித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்து நிலைத்திருந்தால் இந்தப் பகுதியின் வரலாறு வேறாக இருந்திருக்கலாம். பாங்காக்கில் எதிர்ப்புக் கிளம்பியது; நாடாளுமன்றத்தைக் கேட்காமல் போட்ட கையெழுத்து செல்லாது என்றது அரசமைப்பு நீதிமன்றம்; அமைச்சர் பதவி விலகினார். இதற்கிடையே ஜூலையில் கோயில் கம்போடியாவின் பெயரில் மட்டும் பட்டியலில் ஏறியது. சில மாதங்களில் துப்பாக்கிச் சூடு. 2011இல் பீரங்கிக் குண்டுகள் கோயில் கல்லையே பெயர்த்தன. 2025 ஜூலையில் ஐந்து நாள் போர். எல்லையின் இருபுறமும் லட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடினர். தா முயன் தோம் என்ற இன்னொரு பழைய கோயிலைச் சுற்றி அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே பதற்றம் இருந்தது. ஆண்டு முடிவதற்குள் சண்டை மீண்டும் மூண்டது.

இதே இரண்டு நாடுகளிலும் முகமூடி அணிந்து ராமன் கதையை ஆடும் நாடகம் உண்டு. தாய்லாந்தில் அது கோன், கம்போடியாவில் லக்கோன் கோல். 2018 நவம்பரில் மொரீஷியஸில் நடந்த ஒரே யுனெஸ்கோ கூட்டத்தில் இரண்டும் ஏறின, இரண்டு தனித்தனிக் கோப்புகளாக. அனுமன் கடலைத் தாண்டுகிறான். அவன் கதையை ஆடுகிறவர்களால் ஒரு வேலியைத் தாண்ட முடியவில்லை. ஒரு கோப்பாக வந்திருந்தால் எல்லையில் குண்டு விழுந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரு நாட்டு ஆசான்களும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் சந்தித்துப் பேச ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணம் இல்லாமல் போனது சிறிய இழப்பு இல்லை.

கையெழுத்து மட்டும் போதாது என்பதற்கு மாக் யோங் நாடகம் சாட்சி. மலேசியாவின் வடகிழக்கில் கிளந்தானிலும், எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் பட்டானியிலும், கடலுக்கு அப்பால் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளிலும் ஆடப்படும் மரபு அது. ராஜா வேடத்தையும் பெண்ணே கட்டுவாள். ஆட்டம் தொடங்குமுன் அவள் தரையில் அமர்ந்து, ரெபாப் என்ற நரம்புக் கருவியை நோக்கி முகம் திருப்பி, மெல்லக் கையெடுத்துப் பாடியபடி எழுவாள். ‘ரெபாபை எதிர்கொள்ளுதல்’ என்று அதற்குப் பெயர். நம் கூத்துக்காரர்கள் மத்தளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்தப் பணிவு அங்கே ஒரு முழுப் பாட்டாகவே விரிந்திருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அரிய படைப்பாக அறிவித்தது. ஆனால் பிறந்த மண்ணான கிளந்தானில், 1990இல் ஆட்சிக்கு வந்த பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியின் அரசு, சடங்குகள் சமயத்துக்கு மாறானவை, பெண்கள் மேடையேறுவது தகாது என்று பொதுவெளியில் இதற்குத் தடை போட்டிருந்தது. உலகம் பாராட்டிய பிறகும் 14 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. 2019இல் நீக்கியபோதும் நிபந்தனைகளோடுதான் நீக்கினார்கள். அந்தக் காலம் முழுவதும் மூத்த கலைஞர்கள் கிராமங்களில், நோய் தீர்க்கும் சடங்கு என்ற பெயரில், அதைக் காப்பாற்றி வந்தார்கள். மூன்று நாடுகளில் வாழும் கலை ஒரு நாட்டின் பெயரில் மட்டும் ஏறியதால், ஓரிடத்தில் கதவடைத்தபோது மற்ற இரண்டு இடங்களிலிருந்து கேள்வி கேட்கும் உரிமையுள்ள பங்காளி யாரும் இல்லை. கூட்டுக் கோப்பின் உண்மையான பயன் இங்கேதான் எனக்குத் தெரிகிறது. பங்காளி இருந்தால் கேள்வி இருக்கும்.

இவற்றையெல்லாம் பார்க்க வேண்டிய வட்டார அமைப்பு ஆசியான். 1967இல் பாங்காக்கில் தொடங்கிய அந்த அமைப்புக்குப் பண்பாடு, தகவல் ஆகியவற்றுக்கான குழு 1978இல் வந்தது. அதன் பண்பாட்டு நிதி ஜப்பான் கொடுத்த பணத்தில் உருவானது. தங்கள் மரபைக் காக்கும் முதல் பணத்தையே வெளியாரிடம் பெற்றார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 2000 ஜூலையில் பண்பாட்டு மரபுக்கான ஆசியான் பிரகடனம் பாங்காக்கில் வெளிவந்தது. 2016இல் வியஞ்சானில் இன்னொன்று. இரண்டிலும் நல்ல சொற்கள் நிறைய. நடைமுறையில் கண்ணில் பட்டதெல்லாம் உச்சி மாநாடுகளில் தலைவர்கள் உடுத்தும் பாத்திக் சட்டையும், ஒவ்வொரு நாடும் பத்து நிமிடம் ஆடிவிட்டு இறங்கும் கலை இரவும். அந்த மேடையில் நாடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, கலந்துகொள்வதில்லை. கெபாயாக் கோப்பு பிரகடனங்களைவிட அதிகம் சாதித்ததற்குக் காரணம், அது ஐந்து நாட்டு அதிகாரிகளையும் தையற்காரர்களையும் உடுத்துகிறவர்களையும் ஒரு வேலையில் உட்கார வைத்தது. கூட்டுப் பார்வை என்று பெரிய சொல்லால் நாம் குறிப்பது இப்படிச் சேர்ந்து செய்யும் வேலையின் விளைவு. முதலில் பார்வையை வகுத்துக்கொண்டு வேலைக்கு இறங்கலாம் என்று காத்திருந்தால் பிரகடனங்கள்தான் மிஞ்சும்.

கெபாயாவிலும் வேலை இன்னும் முடியவில்லை. நாள் கணக்கில் உட்கார்ந்து ஓட்டைப் பின்னல் போடும் கைகளுக்குக் கூலி கட்டுப்படியாகவில்லை என்றால், ஐந்து கையெழுத்தும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் உதவும். கணினியில் வரைந்து எந்திரமே தைத்துத்தரும் பூவேலை மலிவாகக் கிடைக்கிறது. வாங்குகிறவரைக் குறை சொல்ல முடியாது. பினாங்கில் கற்றுக்கொள்ள விரும்பும் ஒரு ஜாவாப் பெண்ணுக்கு ஆறு மாத உதவித்தொகையும் விசாவும் கிடைக்க ஏற்பாடு உண்டா? ஐந்து நாட்டுப் பாடநூல்களில் இந்த உடை மற்ற நான்கு நாடுகளுக்கும் உரியது என்று ஒரு வரி வருமா? அடுத்த சில ஆண்டுகளில் ஐந்து அரசுகளையும் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. 2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய அதே யுனெஸ்கோ குழு, தீபாவளியை இந்தியாவின் பெயரில் பட்டியலில் ஏற்றியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் அது அரசு விடுமுறை. அங்குள்ள தமிழர்கள் தலைமுறைகளாகக் கொண்டாடும் பண்டிகை. பட்டியலில் ஏறிய மரபில் பிற நாடுகளைப் பின்னால் சேர்க்க விதி இடம் தருகிறது. வல்லூறு வளர்த்து வேட்டையாடும் கலை 2010இல் 11 நாடுகளோடு ஏறி, 2021இல் 24 நாடுகளாக விரிந்தது. தீபாவளிக்கும் இந்தியா அந்தக் கதவைத் திறக்கலாம்.

அதைவிட அவசரமானது கூத்து. செய்யாறு வட்டாரத்துப் புரிசையில் ஆடும் தெருக்கூத்தும், மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடியும், தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன தொழிலாளர் மலையகத்தில் ஆடும் காமன் கூத்தும் ஒரு குடும்பம். இங்கே ஆசானை வாத்தியார் என்கிறோம், மட்டக்களப்பில் அண்ணாவியார் என்கிறார்கள். இங்கே ஹார்மோனியமும் முகவீணையும் சேர்ந்துவிட்டன. அங்கே மத்தளமும் தாளமுமே ஆட்டத்தை நடத்துகின்றன. கட்டியக்காரன் இரு கரையிலும் முதலில் வருகிறான். அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தனும் இங்கே ந. முத்துசாமியும் கூத்தைப் படித்தவர்களின் அரங்குக்குக் கொண்டுவர உழைத்தார்கள். அருவ மரபு உடன்படிக்கையில் இந்தியா 2005இலும் இலங்கை 2008இலும் சேர்ந்துவிட்டன. இரண்டும் சேர்ந்து கூத்துக்கு ஒரு கோப்பு எழுதத் தடை எதுவும் இல்லை. கெபாயாவுக்கு, அறிவித்ததிலிருந்து பட்டியலில் ஏறும்வரை இரண்டே ஆண்டுகள் ஆயின. அரசுகள் கையெழுத்துப் போடுமுன் செய்ய வேண்டியது, இரு கரையிலும் ஆடும் ஊர்களையும் ஆசான்களையும் கட்டியாடும் கதைகளையும் கணக்கெடுத்து, அவர்கள் சம்மதத்தை அவர்கள் வாயாலேயே பெறுவது. அதை யாழ்ப்பாணம், கிழக்கு, தஞ்சை, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.